சாய்ந்தால் அணையும் வண்டி

எங்கள் வண்டியைக் கேரவன் என்று சொன்னால் நேரில் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் ஏதோ ஒரு மில்லுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய டீசல் வேன் அது. பிறகு அதை வாங்கிய ஒருவர் பின்சீட்டுகளை எல்லாம் கழற்றி வீசிவிட்டு, ஒரு கட்டில், கைகழுவுகிற அளவுக்கு ஒரு சிங்க், அதற்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார், குட்டி பிரிட்ஜ், கூரையில் சில விளக்குகள் என்று வைத்து, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற மாதிரி மாற்றியிருந்தார். அவருக்கு அலுத்துப்போனபோது நான் வாங்கினேன். நான்தான் வாங்கினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் என் கணவர் அதை மறக்காமல் சொல்லிக்காட்டுவார்.

அந்த வண்டியில் இரண்டு பேட்டரி. முன்னால் இருப்பது இஞ்சினுக்கு. கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருப்பது விளக்கு, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு. பழைய பேட்டரி செத்துப்போனது என்று என் கணவர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதிலிருந்துதான் பின்பக்கக் கரண்டுக்குப் பேய் பிடித்தது. விளக்கு எரியும், அணையும். பிரிட்ஜ் காலையில் ஓடும், மத்தியானம் பார்த்தால் உள்ளே வெண்ணெய் உருகிக் கிடக்கும். வண்டியின் முன்பக்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை. இஞ்சின் ஓடும், ஹாரன் அடிக்கும், ஹெட்லைட் எரியும்.

என் கணவர் எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள் இல்லை. மாற்றுகிற ஆள். செல்போனில் யாரோ வண்டி ரிப்பேர் பார்க்கிற வீடியோ ஒன்றைப் பார்ப்பார். உடனே கடைக்குப் போய் அதில் காட்டியதை வாங்கி வருவார். இப்படியே பியூஸ் எல்லாம் மாறின. சுவிட்சுகள் மாறின. விளக்குகள் கூட மாறின. ஒவ்வொன்றையும் மாற்றி முடித்ததும், "இனிமே பிரச்சனையே இல்ல" என்பார். ஒரு வாரம் போகும். பிறகு விளக்கு அணையும். நான் ஒரு டெஸ்ட் லேம்ப் வாங்கினேன். ஸ்க்ரூடிரைவர் மாதிரி கூர்மையான முனை, உள்ளே ஒரு சின்ன பல்பு, மறுமுனையில் ஒரு கிளிப். கரண்டு வந்தால் பல்பு எரியும், வராவிட்டால் எரியாது. அவ்வளவுதான் அதன் வேலை. "எங்க வரைக்கும் கரண்டு வருதுன்னு பாத்துட்டு அப்புறம் மாத்தலாம்ங்க" என்றேன். "நீ எலக்ட்ரீசியனா?" என்று கேட்டார். அவர் மட்டும் எலக்ட்ரீசியனா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் மலைமேல் இருக்கிற தலைச்சோலையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. தங்கையின் வீட்டுக்காரர் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை. எஸ்டேட் குவார்ட்டர்ஸ் சின்னது. மாப்பிள்ளை வீட்டார், சர்ச் ஆட்கள், எங்கள் பக்கத்துச் சொந்தம் என்று எல்லாரும் வந்தால் படுக்க இடம் கிடையாது. "நாங்க எங்க வண்டியிலயே தங்கிக்கிறோம், உனக்குச் சிரமமே இல்ல" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அதோடு, சேலத்தில் லேஸ் வைத்துத் தைக்கக் கொடுத்திருந்த மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டுச் சேலையையும், தலையில் போடுகிற நெட்டையும் நாங்களே வாங்கி வந்துவிடுவதாக ஏற்றுக்கொண்டேன்.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன் சிங்க் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. விளக்கும் எரியவில்லை. "போற வழியில தானா வந்துரும்" என்றார் கணவர். தானாக வரும் என்று சொல்கிற ஒருவரோடு இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று யோசித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். அந்த யோசனையில் குழாயை மூட மறந்துவிட்டேன்.

சேலையைக் கட்டிலுக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டிருந்தோம். நெட் இருந்த அட்டைப்பெட்டியை, கசங்கக்கூடாது என்று தரையில் தட்டையாக வைத்திருந்தோம். பெட்டியைச் சுற்றி என் கையால் சிவப்புக் கலர்த் தாள் ஒட்டி அழகு பண்ணியிருந்தேன்.

மலை ஏறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. ஒரு வளைவில் திரும்பும்போது பின்னால் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கணவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாத்தியா? வந்துருச்சு" என்றார். கொஞ்ச தூரம் ஏறியதும் அணைந்தன. மறுபடி எரிந்தன. நான் விளக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரியும்போதெல்லாம் தண்ணீர் மோட்டாரும் ஓடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவும் இல்லை. திறந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, வளைவுக்கு வளைவு சிங்க்கிலிருந்து தளும்பி, தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

தங்கை வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டு ரோடு நல்ல ஏற்றம். குவார்ட்டர்ஸ் வாசலில் மூக்கு மேலே பார்த்தபடி வண்டி நின்றது. கணவர் பக்கக் கதவைத் திறந்ததும் தண்ணீர் அவர் செருப்பின் மேல் கொட்டியது. சிவப்புத் தண்ணீர்.

தங்கை ஓடி வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். அடிப்பக்கம் கூழாகக் கையோடு வந்தது. உள்ளே நெட்டின் ஒரு ஓரம் முழுக்க ரோஸ் நிறம். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"ஏக்கா, ஒரு டாக்ஸி புடிச்சு வந்திருக்கக் கூடாதா? இந்த ஓட்ட வண்டியிலதான் என் பொண்ணு கல்யாணத்துக்கு வரணும்னு உன்னை யாரு கேட்டா?"

"சோப்புப் போட்டு அலசுனா போயிரும்" என்றேன்.

போகவில்லை. வெந்நீரில் அலசினோம், எலுமிச்சை தேய்த்தோம். ரோஸ் நிறம் கொஞ்சம் மங்கி, ஆனால் இன்னும் அகலமாகப் பரவியது. மணப்பெண் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானம் பண்ணியிருக்கலாம். "பெரிம்மா, நீங்க கொஞ்ச நேரம் எதையும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கை அன்றைக்கே கத்தரியை எடுத்து, கறைபட்ட ஓரத்தை வெட்டி, லேஸைப் பிரித்து மறுபடி வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன் என்றேன். "வேண்டாம்க்கா" என்றாள், தலையைத் தூக்காமலே.

வெள்ளிக்கிழமை காலை பிரிட்ஜுக்குள் நாங்கள் கொண்டுவந்திருந்த பால் திரிந்து கிடந்தது. விளக்கு இல்லை, மோட்டார் இல்லை, எதுவும் இல்லை. சிங்க் பக்கம் போவதற்கே எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு, "சார்ஜ் ஏத்துற யூனிட்டு போயிருக்கும், அதை மாத்திரலாம்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "இனி ஒரு சாமான் மாத்துனீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறிச் சேலத்துக்குப் போயிருவேன். யாராவது வேலை தெரிஞ்சவங்ககிட்டக் காட்டுங்க."

ஒண்டிக்கடை என்று சொல்கிற கடைத்தெருவுக்கு இறங்கிப் போனோம். அங்கே வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். டூரிஸ்ட் கார்கள் கடை வாசலில் வரிசையாக நின்றிருந்தன. எங்கள் முறை வந்ததும் அவர் உள்ளே ஏறி சுவிட்சைப் போட்டார். எல்லா விளக்கும் எரிந்தது. பிரிட்ஜ் உறுமியது. குழாயைத் திறந்தார். தண்ணீர் சளசளவென்று கொட்டியது.

"ஏனுங்க, எல்லாம் நல்லாத்தானுங்களே இருக்குது?"

"அங்க தங்கச்சி ஊட்டுல எதுவுமே எரியலீங்க" என்றேன்.

"இங்க எரியுதுங்களே."

என் கணவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று இன்றுவரை தெரியாது. திரும்பினோம். குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி சுவிட்சைப் போட்டால் இருட்டு. தங்கையின் வீட்டுக்காரர் சாமியானாப் பந்தல் போடுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுபடி ஒண்டிக்கடை. மறுபடி எல்லாம் எரிந்தது. எலக்ட்ரீசியன் இந்த முறை கொஞ்சம் எரிச்சலாகவே பேசினார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் பத்து வண்டி நிற்கும்போது, நன்றாக எரிகிற விளக்கைக் காட்டி எரியவில்லை என்று ஒருத்தி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"பழைய வண்டிங்க. ஒயரிங்கைப் பூராவும் உருவிப் போட்டுப் புதுசா பண்ணணும். கல்யாணம் எல்லாம் முடிச்சுட்டு வண்டியைக் கொண்டாந்து உட்ருங்க."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் என் கணவர். அவர் அதைச் சொல்லவே இல்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கடை வாசலிலேயே நின்று யோசித்தேன். இங்கே எரிகிறது. அங்கே எரியவில்லை. இங்கேயும் அங்கேயும் வண்டி ஒன்றுதான், ஒயர் ஒன்றுதான். வேறு என்ன மாறுகிறது? கடை இருந்த இடம் சமதரை. குவார்ட்டர்ஸ் வாசல் ஏற்றம். வரும்போதும் வளைவுக்கு வளைவுதான் எரிந்து எரிந்து அணைந்தது.

"வண்டி சாய்ஞ்சா அணையுதுங்க" என்றேன்.

"கரண்டுக்கு மேடு பள்ளம் தெரியுமா? அதென்ன தண்ணியா, சாய்ஞ்சா ஓடுறதுக்கு?" என்றார் கணவர்.

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து பாத்துட்டு வரேன்."

"கீழ விழுந்து கை காலு போச்சுன்னா உன் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

நான் ஏறி, கட்டில் பலகையைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். தரை இன்னும் ஈரம். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை வண்டியின் இரும்பில் ஒரு போல்ட்டில் மாட்டினேன். கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி அந்த இரும்புதான். முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்தேன். பல்பு எரிந்தது. "போங்க" என்று கத்தினேன்.

ஜன்னலில் சில்வர் ஓக் மரங்களும் மூடுபனியும் போய்க்கொண்டிருந்தன. நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் என் தலை கட்டில் சட்டத்தில் மோதியது. முன்னாலிருந்து, "இருக்கியா?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். "இருக்கேன், ரோட்டப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பல்பு அணையவே இல்லை. ஒருவேளை நான்தான் பைத்தியமோ என்று தோன்றத் தொடங்கியது.

குவார்ட்டர்ஸுக்கு ஏறும் அந்தக் கடைசி ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியது. பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பேட்டரி என் கண் முன்னாலேயே பின்பக்கமாக வழுக்கிப் போய் மரத்தில் முட்டியது. பல்பு அணைந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! அப்படியே நிறுத்துங்க!"

அவர் பயந்துபோய், பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஓடி வந்தார். நான் அடிபட்டுக் கிடப்பேன் என்று நினைத்திருப்பார் போல. முகம் வெளுத்திருந்தது. நான் கிளிப்பை இரும்பிலிருந்து எடுத்துப் பேட்டரியின் மைனஸிலேயே மாட்டிக் காட்டினேன். பல்பு எரிந்தது. மறுபடி இரும்பில் மாட்டினேன். எரியவில்லை.

"பேட்டரியில கரண்டு இருக்குதுங்க. மைனஸ்லருந்து வண்டி இரும்புக்குப் போற எர்த் ஒயர்தான் உட்டுப்போகுது. அங்க பாருங்க."

பேட்டரியின் மைனஸிலிருந்து வந்த கறுப்பு ஒயர் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. அதன் மறுமுனையை வண்டியின் தரையில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். நட்டு லூஸ். பேட்டரி பின்னால் வழுக்கினால் ஒயர் இழுபட்டு, அந்த முனை இரும்பை விட்டு ஒரு நூலளவு தூக்கிக்கொள்கிறது. இறக்கத்தில் பேட்டரி முன்னால் வழுக்கினால் மறுபடி படிந்துவிடுகிறது. எலக்ட்ரீசியன் கடைக்கு இறங்கித்தான் போக வேண்டும். அதனால்தான் அங்கே போய்ச் சேரும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. நான் காலால் பேட்டரியை முன்பக்கம் தள்ளினேன். தலைக்கு மேலே எல்லா விளக்கும் எரிந்தன.

ஆனால் பெட்டிக்குள் பேட்டரி எப்படி வழுக்கும்? அந்த மரப்பெட்டி பேட்டரிக்கென்றே அளவெடுத்துச் செய்தது. குனிந்து பார்த்தேன். பேட்டரிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது.

"ஏங்க, நீங்க வாங்கிப் போட்ட பேட்டரி பழைய பேட்டரி சைஸ்தானா?"

அவர் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"கம்பெனி நல்ல கம்பெனி" என்றார்.

"நான் கம்பெனியைக் கேக்கல."

"கொஞ்சம் சின்னதுதான். உள்ள போடறதுக்கு ஈஸியா இருந்துச்சு."

நான் அந்த ஈரத் தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பியூஸ், சுவிட்ச், விளக்கு என்று அத்தனையும் மாற்றினோம். பாதி வருஷம் சண்டை போட்டோம். ஒரு கல்யாணப் பெண்ணின் நெட்டுக்குச் சாயம் போட்டோம். எல்லாவற்றுக்கும் காரணம், உள்ளே போட ஈஸியாக இருந்ததுதான். திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவர் முகம் இன்னும் வெளுத்தே இருந்தது. சட்டைப் பையிலிருந்து கர்சீப்பை எடுத்து நீட்டி, "நெத்தியில ரத்தம்" என்றார். கட்டில் சட்டத்தில் மோதிய இடம். எனக்கு அதுவரை வலிக்கவே இல்லை, அவர் சொன்ன பிறகுதான் வலித்தது. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கர்சீப்பை வாங்கினேன்.

தங்கையின் வீட்டுக்காரர் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து ஒரு காப்பிக்கொட்டைச் சாக்கும் ஸ்பேனரும் கொண்டுவந்தார். போல்ட்டைச் சுற்றி இருந்த பெயின்ட்டைச் சுரண்டி, ஒயரின் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நட்டை இறுக்கினேன். சாக்கை மடித்து இடைவெளியில் திணித்தோம். என் கணவர் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வண்டியை அந்த ஏற்றத்திலேயே முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தோம். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நெட் கொஞ்சம் குட்டையாக இருந்தது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். சர்ச்சில் மணப்பெண் என்னைக் கடந்து போகும்போது என் நெற்றியில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்புதான் என்று வைத்துக்கொண்டேன். மத்தியானம் பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டு போனபோது, என் கணவர் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நடுவே உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார். "எர்த்து சரியில்லீங்க. அதுதான் விஷயம். நாங்க ஒவ்வொண்ணா செக் பண்ணி, செக் பண்ணி..." தங்கையின் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "அண்ணன் நொம்ப வெவரமான ஆளுங்க" என்று வேறு சொன்னார்.

நான் கரண்டியோடு நின்றேன். "பேட்டரியைச் சின்னதாப் பாத்து வாங்கிப் போட்டவரும் இவருதானுங்க" என்றேன். பந்தியே சிரித்தது. என் கணவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

மறுநாள் காலை எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் முந்தின நாளே மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார்கள். வெளியே பனி பந்தலுக்குள் புகுந்து நின்றது. நான் வண்டிக்குள் விளக்கைப் போட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக் காப்பி வைத்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தங்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள்.

"உள்ள வரலாமா, இல்ல தண்ணி கொட்டுமா?"

"வா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை பெட்டியைத் தூக்க ஏறியதைத் தவிர அவள் அந்த வண்டிக்குள் வந்ததே இல்லை. பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், கூரை விளக்கைப் பார்த்தாள். காப்பியைக் கையில் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவள் கண் கலங்கியது.

"ஊடு வெறிச்சுன்னு இருக்குதுக்கா. படுக்கவே முடியல."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். தோளில் சாய்ந்துகொண்டாள். காப்பி தீர்ந்ததும் இன்னொரு தடவை வைத்தேன். இரண்டாவது டம்ளரைக் குடித்துக்கொண்டே, "ஒரு தடவை என்னையும் இதுல எங்கியாச்சும் கூட்டிட்டுப் போக்கா. தஞ்சாவூர்ப் பக்கம். நேர் ரோடா இருக்கிற பக்கம்" என்றாள்.

"போலாம். எப்பன்னு சொல்லு."

அப்போது வெளியே என் கணவரின் குரல் கேட்டது. வண்டியின் முன்பக்கம் பானெட்டைத் திறக்கிற சத்தமும் கேட்டது.

"இந்தா, எந்திரிச்சிட்டியா? முன்னாடி பேட்டரியையும் மாத்திரலாம்னு பாக்குறேன்."

தங்கை டம்ளரை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.